ஒரே ஒரு சம்மர் கோர்ஸ் எடுத்த காலேஜையும் மெடிக்கல் ஸ்கூல் விண்ணப்பத்தில் எழுத வேண்டுமா?

வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லோடு விண்ணப்பத்தைத் திறக்கப் போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் இருங்கள். எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்; எதையெல்லாம் எழுதுவது, எந்த இடத்தில் எழுதுவது, அந்தக் காலேஜ் என்னை மறந்தே போயிருந்தால் என்ன செய்வது என்பதில்தான் மே மாதம் பிறந்ததும் ஆளாளுக்கு முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வருஷா வருஷம் சொந்தத்திலும் நட்பிலும் இரண்டு பிள்ளைகளாவது "அக்கா, ஒரு சின்ன சந்தேகம்" என்று என்னிடம் ஆரம்பிப்பது இதில்தான்.

முதலில் விதி. அமெரிக்காவில் டாக்டராவதற்கான எம்டி படிப்புக்கு விண்ணப்பிக்கிற பெரும்பாலானவர்கள், மெடிக்கல் காலேஜ்களின் சங்கமான ஏஏஎம்சி நடத்துகிற ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகப் போகிறார்கள், ஆஸ்டியோபதி வகை டாக்டர் படிப்பான டிஓவுக்கு ஆகோமாஸ், டெக்சாஸின் பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்கு டிஎம்டிஎஸ்ஏஎஸ் என்று தனியாக ஒன்று. படிவங்கள் வேறு வேறு மாதிரி இருந்தாலும் இந்த விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே பேச்சுதான்: போன காலேஜ் அத்தனையும் வேண்டும். நான் போனது ஆம்காஸ் வழி, அதனால் அதை வைத்தே பேசுகிறேன். ஹைஸ்கூலுக்கு மேலான எந்தக் கல்வி நிறுவனத்திலாவது ஒரே ஒரு கோர்ஸுக்குப் பதிவாகியிருந்தாலும் அதன் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். கிரெடிட் கிடைத்ததா, ஃபெயிலா, பாதியில் விட்டதா என்பதெல்லாம் கணக்கில்லை.

நம் வீடுகளில் "எங்கே படித்தாய்" என்று கேட்டால் டிகிரி வாங்கிய இடத்தைத்தான் சொல்வோம். அந்தப் பழக்கம்தான் இங்கே கவிழ்க்கிறது. ஆம்காஸ் டிகிரியைக் கேட்கவில்லை, பதிவைக் கேட்கிறது. எத்தனை ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் என் பெயர் மாணவர் பட்டியலில் ஏறியது என்று கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பட்டியல் தானாக நீளும். பதினொன்றாவது, பன்னிரண்டாவதில் எடுத்த டூயல் என்ரோல்மென்ட் கோர்ஸ் வரும், அது உங்கள் ஹைஸ்கூல் கட்டடத்துக்குள்ளேயே நடந்திருந்தாலும் கிரெடிட் கொடுத்தது ஒரு காலேஜ் என்றால் அந்தக் காலேஜ் வரும். லீவில் வீட்டுக்குப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் முடித்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, முதலில் சேர்ந்து ஒரு செமஸ்டரிலேயே மாறிவந்த யூனிவர்சிட்டி, எக்ஸ்டென்ஷனில் மாலை நேரத்தில் எடுத்த ஸ்டாடிஸ்டிக்ஸ், டிகிரிக்குப் பிறகு எடுக்கிற போஸ்ட்பேக் வகுப்புகள், மாஸ்டர்ஸ் எல்லாமே வரும். அவசர மருத்துவ உதவியாளருக்கான இஎம்டி பயிற்சியைக் கம்யூனிட்டி காலேஜ் கிரெடிட்டோடு நடத்தியிருந்தால் அதுவும். தனியார் பயிற்சி மையத்தில் கற்றிருந்தால் அது செயல்பாடுகள் பகுதிக்குப் போகிற சமாச்சாரம், காலேஜ் பட்டியலுக்கு அல்ல.

வராதவையும் உண்டு. ஹைஸ்கூலிலேயே எழுதுகிற காலேஜ் தர ஏபி தேர்வுக்கு என்று தனியாக ஒரு காலேஜ் எழுத வேண்டாம், அந்தக் கிரெடிட்டை ஏற்றுக்கொண்ட உங்கள் காலேஜின் கீழேயே அது போய்விடும். கோர்செரா, எட்எக்ஸில் கிரெடிட் இல்லாமல் வாங்கிய சான்றிதழ் வேண்டாம். மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் போன கோச்சிங் வேண்டவே வேண்டாம், ஒரு பையன் அதையும் எழுதி வைத்திருந்தான்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நானே மாட்டியிருக்க வேண்டியவள். பதினொன்றாவது முடிந்த ஜூனில் அப்பா என்னைப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் கால்குலஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார், ஆறு வாரக் கோர்ஸ். மூன்றாவது வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது என்று தெரிந்ததும் இணையத்தில் போய் டிராப் பட்டனை அழுத்திவிட்டு, அந்தக் காலேஜையே மறந்துவிட்டேன். ஆறு வருஷம் கழித்து ஆம்காஸ் படிவத்தில் காலேஜ் பெயர்களைக் கேட்ட இடத்தில் ஒரே ஒரு பெயரை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தேன், மனசாட்சி உறுத்தவே இல்லை, ஏனென்றால் நினைவே இல்லை. வேறு எதையோ தேடப் பழைய யாஹூ மெயிலுக்குள் போனபோது அந்தக் காலேஜின் பார்க்கிங் பெர்மிட் மெயில் ஒன்று கண்ணில் பட்டது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது.

அப்பாதான் முதலில் ரெஜிஸ்ட்ராருக்குப் போன் போட்டார். "ஃபீஸ் கட்டினது நான், விவரம் சொல்ல மாட்டீங்களா" என்று வாதாடியும் பார்த்தார். சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. மாணவர் ஆவணங்களின் ரகசியம் பற்றி 1974-ல் வந்த ஃபெர்பா சட்டப்படி காலேஜில் சேர்ந்த நிமிஷத்திலிருந்து அந்த ஆவணங்களின் மீதான உரிமை மாணவருக்கு, அவருக்குப் பதினாறு வயதாக இருந்தாலும். அதனால் போன் செய்ய வேண்டியவர் நீங்கள், அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளட்டும். என்னிடம் மாணவர் எண் கேட்டார்கள், தெரியவில்லை. பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன், அப்படி யாருமே இல்லை என்றார்கள். அப்புறம்தான் பொறி தட்டியது: அப்போது அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுப் பதிந்திருந்தோம், இப்போது பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி. இனிஷியலோடு வளர்ந்த நம் குடும்பங்களில் இது தலைமுறை வியாதி. பெயரை மூன்று விதமாகப் புரட்டிச் சொல்லுங்கள், ஏதோ ஒன்றில் நீங்கள் கிடைப்பீர்கள். கிடைத்த பெயரை ஆம்காஸில் வேறு பெயர்கள் கேட்கிற இடத்திலும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காலேஜிலிருந்து வந்து சேர்ந்த ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது மதிப்பெண் பட்டியல், யாருடையது என்று தெரியாமல் அங்கே அநாதையாகக் கிடக்கும்.

வந்த ட்ரான்ஸ்கிரிப்ட் ஒரே பக்கம். அதிலும் முக்கால் பக்கம் வெறுமை. நடுவில் ஒரு வரி: கால்குலஸ், 4.00 யூனிட், டபிள்யூ (வித்ட்ராயல், பாதியில் விலகியதன் குறி). அதன் கீழே சம்பாதித்த யூனிட் 0.00, ஜிபிஏ (கிரேடுகளின் சராசரி) 0.00. டிராப் செய்ய வேண்டிய கடைசி நாள் தாண்டிய பிறகு அழுத்தியதால் அது டபிள்யூவாக உட்கார்ந்துவிட்டது. பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் டபிள்யூ என்பது ஆம்காஸ் கணக்கிடும் ஜிபிஏவில் சேரவே சேராது. பட்டியலில் ஒரு வரி, கோர்ஸ் பகுதியில் ஒரு வரி, அவ்வளவுதான் அதன் ஆயுசு. கடைசி நாளுக்கு முன்பே டிராப் செய்து, அந்த ஒரு கோர்ஸைத் தவிர அங்கே வேறு எதுவுமே இல்லை என்றால், ரெஜிஸ்ட்ராரிடம் உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். இல்லை என்று சொன்னால் அதை மெயிலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, மறந்த காலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி? விண்ணப்பத்தைத் திறக்கும் முன்பே, மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். எல்லா மெயில் கணக்குகளிலும் டாட் ஈடியூ என்று போட்டுத் தேடுங்கள். ஹைஸ்கூல் ட்ரான்ஸ்கிரிப்டை எடுத்து டூயல் என்ரோல்மென்ட் குறிப்பு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். வீட்டு வரி ஃபைல்களில் 1098-டி என்ற படிவம் இருக்கிறதா என்று அப்பாவைத் தேடச் சொல்லுங்கள், ஃபீஸ் வாங்கிய காலேஜ்கள் அனுப்புவது அது. உதவித்தொகையோ கடனோ வாங்கியிருந்தால் ஸ்டூடன்ட் எய்ட் தளத்தில் உங்கள் கணக்கில் எந்தக் காலேஜுக்குப் பணம் போனது என்று தெரியும். நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் என்ற அமைப்புக்கு நாட்டின் பெரும்பாலான காலேஜ்கள் தங்கள் மாணவர் பதிவுகளை அனுப்புகின்றன, உங்கள் பதிவையும் அங்கே கேட்டுப் பார்க்கலாம். எல்லாக் காலேஜும் எல்லாவற்றையும் அனுப்புவதில்லை, அதனால் அங்கே இல்லை என்றால் எங்கேயும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடைசியாக அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் எந்த லீவில் எந்த வகுப்புக்குப் போனீர்கள், யார் காரில் கூட்டிப்போனார்கள் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கும்.

பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு காலேஜிலும் இரண்டு ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்குங்கள். ஒன்று உங்களுக்கு, அன்அபிஷியல் போதும், அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோர்ஸ்களை வரி வரியாக உள்ளே போடுங்கள், நினைவிலிருந்து போடவே போடாதீர்கள். இன்னொன்று அபிஷியல், அது காலேஜிலிருந்து நேராக ஆம்காஸுக்குப் போக வேண்டும், நீங்கள் கையில் வாங்கி அனுப்பினால் செல்லாது. ஒவ்வொரு காலேஜுக்கும் ஆம்காஸ் தனித்தனிப் படிவமும் அடையாள எண்ணும் தரும், அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னால் வழி தவறாது. பார்ச்மென்ட் மாதிரி சேவைகள் மூலம் மின்வடிவில் அனுப்புகிற காலேஜ் என்றால் வேலை சீக்கிரம் முடியும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: தேவையான ட்ரான்ஸ்கிரிப்ட் அத்தனையும் வந்து சேரும்வரை உங்கள் விண்ணப்பம் சரிபார்ப்பு வரிசையில் நிற்கவே ஆரம்பிக்காது. ஜூன், ஜூலைக் கூட்டத்தில் அந்த வரிசை பல வாரம் நீளும். நான்கு யூனிட் டபிள்யூவுக்காக மொத்த விண்ணப்பமும் வாசலிலேயே நிற்பதைப் பார்க்க வேண்டுமா?

பழைய பாக்கி ஏதாவது இருந்தால், லைப்ரரி அபராதமோ பார்க்கிங் டிக்கெட்டோ, சில காலேஜ்கள் ட்ரான்ஸ்கிரிப்டை நிறுத்தி வைக்கும். கலிஃபோர்னியாவில் 2020 முதலும் நியூயார்க்கில் 2022 முதலும் இப்படி நிறுத்தக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மற்ற இடங்களில் சட்டம் பேசிக்கொண்டிருப்பதைவிடப் பாக்கியைக் கட்டிவிடுவது சுலபம். காலேஜே மூடிவிட்டது, பதிவுகளை அழித்துவிட்டார்கள் என்ற நிலை என்றால் அதற்கு ஆம்காஸில் ட்ரான்ஸ்கிரிப்ட் விலக்கு கேட்கிற வழி இருக்கிறது. ஆதாரமாக ஒரு கடிதம் வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே தேடுங்கள்.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தப்பு செய்வது டிரான்ஸ்ஃபர் கிரெடிட்டில். கம்யூனிட்டி காலேஜில் படித்த பயாலஜியை இப்போதைய யூனிவர்சிட்டி ஏற்றுக்கொண்டு தன் ட்ரான்ஸ்கிரிப்டில் கிரேடு இல்லாமல் ஒரு வரி போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "இதிலேயே வந்துவிட்டதே, பழைய காலேஜை எதற்கு எழுத வேண்டும்" என்று நினைப்பது இயல்பு, ஆனால் தவறு. கோர்ஸை எங்கே படித்தீர்களோ அந்தக் காலேஜின் கீழே, அங்கே வாங்கிய கிரேடோடு போட வேண்டும், அதன் ட்ரான்ஸ்கிரிப்டும் தனியாக வர வேண்டும். ஹைஸ்கூலில் இருந்தபடி எடுத்த காலேஜ் கோர்ஸ்களை ஆண்டு கேட்கிற இடத்தில் ஃப்ரெஷ்மேன் (முதலாண்டு) என்று போடாமல் ஹைஸ்கூல் என்று குறிக்க வேண்டும்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடம். சென்ற வருஷம் ஒரு தம்பி, பெயர் வேண்டாம், வந்து உட்கார்ந்தான். முதல் காலேஜில் இரண்டு டி, ஒரு எஃப். அங்கிருந்து விலகி, ஒரு வருஷம் வேலைக்குப் போய், வேறு யூனிவர்சிட்டியில் புதிதாக ஆரம்பித்து 3.8 வாங்கியிருக்கிறான். பழைய கிரெடிட் எதையும் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளவில்லை. "அந்தக் காலேஜை யாருக்கும் தெரியாது அக்கா, விட்டுவிடலாமா?" என்று நேராகவே கேட்டான். அவனிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது என்பது நீ நம்ப ஆசைப்படுவது. புதிய யூனிவர்சிட்டியில் சேரும்போது பழைய காலேஜ் பெயரைக் கொடுத்திருப்பாய், அதன் ட்ரான்ஸ்கிரிப்டின் ஓரத்தில் அது அச்சாகியிருந்தால் சரிபார்ப்பவர் கண்ணில்தான் முதலில் படும். கிளியரிங்ஹவுஸில் இருக்கும், உன் கடன் கணக்கில் இருக்கும். கண்டுபிடித்தால் ஆம்காஸ் விசாரணை வைக்கலாம், அதன் அறிக்கை நீ விண்ணப்பித்த ஸ்கூல்களுக்குப் போகும், இடம் கிடைத்த பிறகு தெரிந்தால் இடத்தை ரத்து செய்யலாம், படித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்தாலும் ஆபத்துதான். இரண்டு டி-யைப் பார்த்து ஒரு கமிட்டி தயங்கலாம், ஆனால் அது மார்க் பற்றிய தயக்கம். மறைத்தது தெரிந்தால் கேள்வி உன்னைப் பற்றியதாக மாறிவிடும்.

அந்த எஃப் கணக்கில் வருமா என்றால், வரும். திரும்ப எடுத்து ஏ வாங்கினாலும் ஆம்காஸ் இரண்டையும் சேர்த்தே கூட்டும். உங்கள் காலேஜ் மன்னித்து ஜிபிஏவிலிருந்து நீக்கியிருந்தாலும் ஆம்காஸ் நீக்காது. ஆகோமாஸில் முன்பு பிந்தைய கிரேடை மட்டும் எடுக்கும் வழக்கம் இருந்தது, 2017-ல் அதையும் கைவிட்டார்கள். பழைய பதிவுகளைப் படித்துவிட்டு அந்த நம்பிக்கையில் இருக்க வேண்டாம். அதே சமயம் ஆம்காஸ் ஜிபிஏவை ஆண்டு வாரியாகவும் பிரித்துக் காட்டும், கீழே கிடந்தவன் எப்படி ஏறி வந்தான் என்பது படிக்கிறவர்களுக்கு அந்தக் கட்டங்களிலேயே தெரியும். விளக்கம் எழுத வேண்டுமென்றால், ஒவ்வொரு ஸ்கூலும் தனியாக அனுப்பும் செகண்டரி விண்ணப்பத்தில் இடம் வரும்போது மூன்று வரி போதும். "பதினெட்டு வயதில் வேலையும் படிப்பும் சேர்த்து இழுக்க முடியவில்லை, உதவி கேட்கவும் தெரியவில்லை. ஒரு வருஷம் விலகியிருந்தேன். திரும்பி வந்தபோது வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டேன், அதன் பிறகான கிரேடுகள் கீழே இருக்கின்றன" என்கிற அளவில். பேராசிரியர் சரியில்லை, காலேஜ் சரியில்லை என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே தோற்றீர்கள். என்னுடையது போன்ற ஒற்றை டபிள்யூவுக்கு விளக்கமே எழுதாதீர்கள், யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்பது மாதிரி இருக்கும்.

காலேஜ் பெயரை எழுதுவதோடு அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற கேள்வி ஒன்று உண்டு: அங்கே உங்கள் மீது ஏதாவது நடவடிக்கை எடுத்தார்களா என்பது. மார்க் குறைவுக்காக ப்ரொபேஷனில், அதாவது கண்காணிப்பில், வைத்தது, நீக்கியது, காப்பி அடித்த விவகாரம், ஹாஸ்டல் ஒழுங்கு மீறல் எல்லாம் இதில் அடங்கும். ட்ரான்ஸ்கிரிப்டில் தெரியாவிட்டாலும், பதிவிலிருந்து அழிக்கப்பட்டிருந்தாலும்கூட ஆம்காஸ் அதைக் கேட்கிறது, படிப்பு தடைபடாமல் போயிருந்தாலும் கேட்கிறது. விளக்கத்துக்கு 1,325 எழுத்துகள், இடைவெளி உட்பட. உங்களுக்கு வந்தது வெறும் எச்சரிக்கையா, முறையான நடவடிக்கையா என்று சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம், டீன் ஆபீஸுக்கு எழுதி உங்கள் ஒழுங்குப் பதிவின் நகலைக் கேளுங்கள். அதே ஃபெர்பாதான் அந்த உரிமையையும் தருகிறது, கேட்ட 45 நாளுக்குள் காட்ட வேண்டும். அந்த 45 நாளையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் ஒரு வருஷம் பி.எஸ்சி., பி.இ. என்று ஏதாவது படித்துவிட்டு இங்கே வந்தவர்களுக்கு: காலேஜைப் பட்டியலில் எழுதுங்கள். ஆம்காஸ் வெளிநாட்டு மார்க்குகளைச் சரிபார்ப்பதில்லை, பொதுவாக அந்த ட்ரான்ஸ்கிரிப்டையும் கேட்பதில்லை. இங்குள்ள காலேஜ் அந்தக் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டிருந்தால் அதற்குத் தனி விதி, அந்தந்த வருஷத்துக்கான ஆம்காஸ் கையேட்டில் அந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள். சில மெடிக்கல் ஸ்கூல்கள் தங்கள் பங்குக்கு மதிப்பீட்டு அறிக்கை கேட்கும், அது வேறு வேலை. வேறெங்காவது மருத்துவப் படிப்பில் சேர்ந்து விட்டுவிட்டு வந்தவர்கள், முன்பு மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தது பற்றிய கேள்வியையும் நிதானமாக ஒரு சொல் விடாமல் படித்துப் பதில் சொல்லுங்கள்.

ஏற்கெனவே சமர்ப்பித்துவிட்டேன், இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்பவர்கள் இன்றைக்கே ஆம்காஸுக்கு எழுதுங்கள். சமர்ப்பித்த பிறகு நீங்களே உள்ளே போய்த் திருத்த முடிகிற இடங்கள் மிகக் குறைவு, கோர்ஸ் சம்பந்தப்பட்ட மாற்றத்துக்குத் தனிக் கோரிக்கை போட வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். அதுவரை காத்திருக்காமல் விடுபட்ட காலேஜின் ட்ரான்ஸ்கிரிப்டுக்கு ஆர்டர் போட்டுவிடுங்கள். விண்ணப்பம் சரிபார்ப்பு முடிந்து ஸ்கூல்களுக்குப் போய்விட்டது என்றால் ஒவ்வொரு ஸ்கூலின் அட்மிஷன் ஆபீஸுக்கும் ஒரு சின்ன மெயில்: எந்தக் காலேஜ், எந்த வருஷம், என்ன கோர்ஸ், என்ன கிரேடு, விடுபட்டதை எந்தத் தேதியில் கவனித்தேன், ஆம்காஸுக்கு எந்தத் தேதியில் தெரிவித்தேன். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம், மன்னிப்பு ஒரு முறை போதும். இடம் கிடைத்தவர்களும் இதையே செய்யுங்கள், சேரும் முன் எல்லாக் காலேஜ்களிலிருந்தும் இறுதி ட்ரான்ஸ்கிரிப்ட் கேட்கிற ஸ்கூல்கள் உண்டு, அந்த நேரத்தில் அவர்களாகக் கண்டுபிடிப்பதற்கு முன் உங்கள் மெயில் அவர்கள் ஃபைலில் இருக்க வேண்டும். வருகிற பதிலைப் பிடிஎஃப் ஆக்கி ட்ரான்ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.